இடதா வலதான்னு ஆரு கண்ணு அளந்தது?

வா கண்ணு, உக்காரு. கையில என்ன, அமெரிக்க அதிபர் வேட்பாளருக படமா? நாலு கட்டம் போட்டு உள்ள கலர் கலரா புள்ளி வெச்சிருக்குது. இவரு தீவிர வலது, அந்தம்மா தீவிர இடது, இன்னொருத்தரு நடுவுல இருந்து ரெண்டு விரக்கடை தள்ளி. அடேங்கப்பா! மனுசன் மனசை இத்தனை சுத்தமா அளந்து போட்டுட்டாங்களா?

"இது விஞ்ஞானம் அப்புச்சி"ங்கறயா? சரி, விஞ்ஞானமாவே இருக்கட்டும். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்தப் புள்ளிய எதைப் பாத்து வெச்சாங்க? அவரு பேசுனதைக் கேட்டா, செஞ்சதைப் பாத்தா? ரெண்டும் ஒண்ணுதானேங்கற பாரு, அங்கதான் உன்ற வயசு தெரியுது.

மொதல்ல இந்த இடது வலதே எங்கிருந்து வந்துச்சு, சொல்லு பாக்கலாம். கொள்கையில இருந்தா? இல்ல கண்ணு, உக்காந்த எடத்துல இருந்து. 1789ல பிரான்சு நாட்டுத் தேசிய சபையில ஒரு வழக்கு. சபை போடற சட்டத்தை ராசா தடுக்கலாமா, கூடாதான்னு. தடுக்கலாம்னவிய எல்லாம் சபைத் தலைவருக்கு வலது கைப்பக்கமா ஒட்டுக்கா போயி உக்காந்துட்டாங்க. கூடாதுன்னவிய இடது கைப்பக்கம். அவ்வளவுதான் சங்கதி. அந்த வழக்கும் முடிஞ்சு போச்சு, அந்த ராசா தலையும் போயிருச்சு. நாற்காலி வரிசைய மட்டும் பத்திரமா வெச்சுக்கிட்டு, கடலைத் தாண்டி, இருநூத்துச் சொச்சம் வருசங்கழிச்சு, ஒருத்தன் இறக்குமதி வரியப் பத்தி நெனைக்கறது, துப்பாக்கியப் பத்தி நெனைக்கறது, கருக்கலைப்பப் பத்தி நெனைக்கறது எல்லாத்தையும் அதே வரிசையில உக்கார வெக்கறீங்க. ஒரே ஆளு ஒண்ணுக்கு இந்தப் பக்கமும் இன்னொண்ணுக்கு அந்தப் பக்கமும் போனா என்ன பண்ணுவீங்க? பாதியா அறுத்தா உக்கார வெப்பீங்க?

நெறத்துலயும் கூத்துதான். உலகத்துல பெரும்பாலான எடத்துல செவப்புன்னா இடதுசாரி. அமெரிக்காவுலயோ செவப்பு வலதுசாரி ரிபப்ளிக்கன் கட்சிக்கு, நீலம் டெமாக்ரட் கட்சிக்கு. இது என்ன பாட்டன் முப்பாட்டன் காலத்துக் கொடியா? கெடையாது. 1980ல ரீகன் ஜெயிச்சப்ப என்பிசி டிவிக்காரங்க அவரு ஜெயிச்ச மாநிலத்தையெல்லாம் நீலத்துலதான் காட்டுனாங்க. ஒவ்வொரு டிவிக்கும் ஒவ்வொரு நெறம். 2000ல புஷ்ஷா, அல் கோரான்னு புளோரிடா ஓட்டுக்காக ஒரு மாசத்துக்கு மேல இழுத்துக்கிட்டுக் கெடந்தாங்களே, அப்ப தெனமும் அதே படத்தைக் காட்டிக் காட்டி செவப்பு இவியளுக்கு, நீலம் அவியளுக்குன்னு நெலச்சுப் போச்சு. டிவிக்காரன் போட்ட சாயம். அதுக்குத்தான் இன்னிக்குப் பொழுதுக்கும் அண்ணன் தம்பிக பேச்சுவார்த்தை இல்லாமக் கெடக்கறாங்க.

உன்னையாட்டம் ஒரு பேரன் எனக்கும் இருக்கறான், டெக்சாஸ்ல. ஊருக்கு வந்தவன் சும்மா இருந்தானா? போனை நீட்டி, "பொலிட்டிக்கல் காம்பஸ்னு ஒரு பரீட்சை அப்புச்சி, 2001ல இருந்து உலகமே எழுதுது"ன்னான். படுக்கைவாட்டுல ஒரு கோடு, அது காசு பண விசயத்துக்கு. செங்குத்தா ஒரு கோடு, அது அதிகாரத்துக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு பதிலு. ரொம்பச் சரி, சரி, தப்பு, ரொம்பத் தப்பு. "அது ஆளைப் பொறுத்து"ங்கற கட்டம் எங்கடான்னு கேட்டேன். இல்லையாம்! எழுவதைத் தாண்டுனவன் சொல்ற பதில்ல முக்காவாசி அதுதானே சாமி? அதையே எடுத்துப்போட்டா நான் எங்க போயி பரீட்சை எழுதறது?

அந்தப் பரீட்சைக்காரங்க 2020ல டிரம்ப்பையும் பைடனையும் எங்க வெச்சிருந்தாங்க தெரியுமா? ரெண்டு பேரையும் மேல வலது பக்கத்து ஒரே கட்டத்துக்குள்ள. அங்க ஊருக்குள்ள பாதிப் பேரு பைடனைச் சோசலிஸ்டுன்னு ஏசிக்கிட்டு இருந்தாங்க. எது நெசம்? நீ எங்க நின்னு பாக்கறயோ அதுதான் நெசம். எல்லாரோட வைத்தியச் செலவையும் அரசாங்கமே ஏத்துக்கோணும்னு செனட்டரு பெர்னி சாண்டர்ஸ் சொன்னா அமெரிக்காவுல அவரு தீவிர இடது. பிரிட்டன்ல 1948ல இருந்து அப்படித்தான் வைத்தியம் நடக்குது. அங்கத்த வலதுசாரிக் கட்சித் தலைவரு ஆராவது அதை எடுத்துப்புடுவேன்னு சொல்லிட்டு ஓட்டுக் கேட்டுப் போகச் சொல்லு பாக்கலாம். அதே சாண்டர்ஸ், துப்பாக்கி வாங்கறவனை விசாரிச்சுக் குடுக்கோணும்னு 1993ல பிராடி சட்டம் வந்தப்ப எதிர்த்து ஓட்டுப் போட்டவரு. ஏன்? அவரு வெர்மான்ட்காரரு. வேட்டைக்குப் போற சனம் நெறஞ்ச ஊரு. இந்த ஓட்டுக்கு அவரு புள்ளிய எங்க தள்ளுவே?

படிச்சவிய கணக்கு இன்னும் தமாசு. 2004ல அதிபருக்கு ஜான் கெர்ரி நின்னாரா? நேஷனல் ஜர்னல் பத்திரிகை, 2003ஆம் வருசத்து ஓட்டையெல்லாம் கூட்டிப் பாத்து, மேல்சபையான செனட்லயே பெரிய இடதுசாரி கெர்ரிதான்னு பட்டியல் போட்டுச்சு. 2008ல ஒபாமா நின்னாரா? அதே பத்திரிகை, 2007 கணக்குல செனட்லயே பெரிய இடதுசாரி ஒபாமான்னுச்சு. அப்பறம் கமலா ஹாரிஸ். 2019 கணக்குல செனட்லயே இடதுன்னு கவ்டிராக்னு ஒரு அமைப்பு சொல்லுச்சு. ஒரு வருசக் கணக்கை நம்ப முடியாதுன்னு பின்னால அவங்களே அதை எடுத்துட்டாங்க. அதெப்படி கண்ணு, அதிபருக்கு நிக்கறேன்னு ஒருத்தரு கெளம்புன வருசம் பாத்து அவருக்கு இடது காய்ச்சல் வருது? காரணம் சாதாரணம். ஓட்டுக் கேட்டு ஊர் ஊராத் திரியறவரு சபைக்கு எங்க வாராரு? ஒபாமாவும் கெர்ரியும் அந்த வருசங்கள்ல ஏகப்பட்ட ஓட்டெடுப்புக்கு ஆளே இல்லை. கட்சிக்கு ரொம்ப முக்கியம்ங்கற அன்னிக்கு மட்டும் ஓடியாந்து கட்சி சொன்ன மாதிரி ஓட்டுப் போட்டா, கணக்குல மொதல் ரேங்குதானே வரும்?

பூல்னு ஒருத்தரு, ரோசந்தால்னு ஒருத்தரு. ரெண்டு பேராசிரியருக. அமெரிக்க காங்கிரஸ்ல ஆரு ஆரு கூடச் சேந்து ஓட்டுப் போட்டாங்கன்னு ஆதிகாலத்துல இருந்து எடுத்து, ஒவ்வொருத்தருக்கும் மைனஸ் ஒண்ணுல இருந்து பிளஸ் ஒண்ணு வரைக்கும் ஒரு எண்ணு குடுத்தாங்க. நல்ல உழைப்பு, நான் கொறை சொல்லல. ஆனா அந்தக் கணக்குக்கு ஓட்டுத்தான் தெரியும், ஏன் போட்டாங்கன்னு தெரியாது. 2021 நவம்பர்ல ரோடு, பாலம் கட்டற மசோதா வந்துச்சு. பைடன் கொண்டாந்தது. அவரு கட்சியிலயே இடது ஓரத்துல நிக்கற ஒகாசியோ-கோர்டெஸும் இன்னும் அஞ்சு பேரும், கூட வரவேண்டிய சமூக நல மசோதா வரலைன்னு இதை எதிர்த்து ஓட்டுப் போட்டாங்க. ரிபப்ளிக்கன்காரங்க பெரும்பாலும் செலவு சாஸ்தின்னு எதிர்த்தாங்க. போதாதுன்னவளும் சாஸ்தின்னவனும் ஒரே பக்கம்! கணக்கு என்ன சொல்லும்? அந்தம்மா நடுப்பக்கம் நகர்றாங்கன்னு சொல்லும். இத்தனைக்கும் இது உருப்படியான கணக்கு. 2016க்கு முன்னால டிரம்ப் எந்தச் சபையிலயும் உக்காந்ததில்ல. ஒரு ஓட்டுக் கூடப் போடாத ஆளுக்கு எதைக் கூட்டி எதைக் கழிப்பே?

எங்க கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு நீ வந்ததில்லையே? சித்திரையில கூடும். காங்கயம் மாடு வாங்கோணும்னா அங்கதான் போகோணும். தரகரு நடுவுல நின்னு ஊருக்கே கேக்கற மாதிரி கத்துவாரு. இந்தச் சுழி பாருங்க, இந்தத் திமில் பாருங்க, லச்சம் போகும்பாரு. வாங்கறவன் அந்தக் கத்தலைக் காதுல வாங்குவானா? மாட்டோட வாயைத் தொறந்து பல்லைப் பாப்பான். பொறவு தரகரு தோள்ல கெடக்கற துண்டை எடுத்து கை மேல போட்டுக்குவாரு. துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சுத்தான் நெச வெலை. வெளிய நிக்கறவனுக்குச் சத்தந்தான் கேக்கும், வெரலு தெரியாது. நீ வெச்சிருக்கறயே புள்ளிப் படம், அது கத்துனதை எழுதி வெச்ச படம் கண்ணு.

கத்தறதும் ஒரே மாதிரியா கத்தறாங்க? அங்க தேர்தல் ரெண்டு தவணை. மொதல்ல கட்சிக்குள்ள ஓட்டு. அங்க வர்றவன் தீவிரக் கட்சிக்காரன். அவனுக்குக் காரமாப் பேசோணும். பொறவு நவம்பர்ல ஊரு பூராவுக்கும். அங்க காரத்தைக் கொறைக்கோணும். இதை ஒருத்தரு ஒளிவுமறைவு இல்லாமச் சொல்லியே போட்டாரு. 2012ல ரிபப்ளிக்கன் மிட் ராம்னி நின்னப்ப, கட்சிக்குள்ள இவ்வளவு வலது பக்கம் போயிட்டீங்களே, நாளைக்கு எப்படிச் சமாளிப்பீங்கன்னு டிவியில கேட்டாங்க. அவரு ஆலோசகரு, எட்ச் எ ஸ்கெட்ச்னு கொழந்தைக விளையாட்டுச் சாமான் பேரைச் சொன்னாரு. எழுதுனதைக் குலுக்குனா அழிஞ்சு போகும், புதுசா வரைஞ்சுக்கலாம்னு. எதிராளி எல்லாம் கடைக்கு ஓடி அந்தச் சாமானை வாங்கியாந்து மேடைக்கு மேடை ஆட்டிக் காட்டுனாங்க. பாவம், உண்மை சொன்ன மனுசனுக்கு வந்த ரோதனையப் பாரு!

சரி, பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா? நாற்காலியில உக்காந்தப்பறம் எதுல கையெழுத்துப் போட்டாங்கன்னு பாரு. அதுதான் பல்லு.

ரிபப்ளிக்கன் அதிபரு நிக்சனை எடுத்துக்க. கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடிச்சே பேரு வாங்குனவரு. உன்ற படத்துல எங்க இருப்பாரு? வலது பக்கம், அழுத்தமா ஒரு செவப்புப் புள்ளி. அவரு என்ன பண்ணுனாரு? 1970ல சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையத் தொடங்குனது அவரு. அதே வருசம் காத்து மாசுக்குப் பெரிய சட்டம், தொழிலாளி பாதுகாப்புக்கு ஒரு சட்டம், ரெண்டுலயும் அவரு கையெழுத்து. அதுக்கு முந்துன வருசமே, புள்ளைகுட்டி வெச்சிருக்கற ஏழைக் குடும்பத்துக்கெல்லாம் அரசாங்கமே அடிப்படை வருமானம் குடுக்கலாம்னு திட்டங் கொண்டாந்தாரு. கீழ்சபை தாண்டிருச்சு, செனட்ல மாட்டிக்கிச்சு. 1971 ஆகஸ்ட் 15 அன்னிக்கு ராத்திரி டிவியில தோணி, நாடு பூராவும் வெலைவாசியும் சம்பளமும் 90 நாளைக்கு அசையக் கூடாதுன்னுட்டாரு! ஒரு மளிகைக் கடைக்காரன் அவரைக் கேக்காம வெலையக் கூட்ட முடியாது. அடுத்த வருசம் சீனாவுக்கே போயி மாவோ கையப் பிடிச்சுக் குலுக்கிட்டு வந்தாரு. இன்னிக்கு ஒரு டெமாக்ரட் வேட்பாளரு இதுல பாதியச் சொல்லிட்டு நின்னா என்ன பேரு வெப்பாங்கன்னு உனக்கே தெரியும்.

வரியப் பாக்கலாமா? ஐசனோவர், ரிபப்ளிக்கன். அவரு காலத்துல பெரும் பணக்காரன் வருமானத்தோட உச்சிக் கட்டத்துக்கு வரி 91 சதவீதம். தப்பாக் காதுல வாங்கலயே, தொண்ணூத்தொண்ணு. அதைக் கொறைக்கோணும்னு கெளம்புனது டெமாக்ரட் கென்னடி. அவரு போனப்பறம் 1964ல கையெழுத்துப் போட்டது டெமாக்ரட் ஜான்சன். 70க்கு வந்துச்சு. இப்ப 37. அந்தக் கென்னடி இடதா வலதா?

எல்லை தாண்டி வந்தவனைப் பத்தி இன்னிக்கு அத்தனை கூச்சல் கேக்குதில்ல? 1986ல ரிபப்ளிக்கன் ரீகன் போட்ட கையெழுத்துல காகிதமில்லாத சுமார் 27 லட்சம் பேருக்கு சட்டப்படி தங்கற உரிமை கெடச்சுது. கிளின்டன் டெமாக்ரட்டு. ஏழைத் தாய்மாருக்கு 1935ல இருந்து, அதாவது அவரு கட்சியோட ரூஸ்வெல்ட் காலத்துல இருந்து, போயிக்கிட்டிருந்த உதவித் திட்டத்தை 1996ல அவருதான் முடிச்சு வெச்சாரு. தேர்தல் வருசம் வேற.

ஒபாமாகேர் கதை மட்டும் உனக்குச் சித்தெ நெதானமாச் சொல்லோணும். ஒவ்வொருத்தனும் வைத்தியக் காப்பீடு எடுத்தே ஆகோணும், இல்லாட்டி அபராதம்னு வந்த ஏற்பாடு. இது ஆரு யோசனை? 1989ல ஹெரிட்டேஜ் பவுண்டேஷன்னு ஒரு வலதுசாரி ஆய்வு நிறுவனம் எழுதுனது. அரசாங்கமே வைத்தியம் பாக்கற ஏற்பாடு வந்துறக் கூடாதுன்னு, அதுக்குப் பதிலாச் சொன்ன யோசனை. 2006ல மாசசூசெட்ஸ் மாநிலத்துல அதைச் சட்டமாக்குனது ஆளுநர் மிட் ராம்னி. ஆமா, அதே ராம்னிதான். 2008ல கட்சிக்குள்ள ஒபாமாவும் ஹிலாரியும் மோதுனப்ப, இப்படிக் கட்டாயப்படுத்தறது தப்புன்னு ஹிலாரிய எதிர்த்துப் பேசுனது ஆரு? ஒபாமா! 2010ல அதே கட்டாயத்தை வெச்சு நாடு பூராவுக்கும் சட்டம் போட்டதும் ஒபாமா. ஒரு ரிபப்ளிக்கன்கூட ஆதரிச்சு ஓட்டுப் போடல. சோசலிசம் வந்துருச்சுன்னாங்க. 2012ல ரெண்டு பேரும் எதுக்கால எதுக்கால நின்னாங்க. அதை ஒழிப்பேன்னு ராம்னி சொன்னாரு, காப்பாத்துவேன்னு ஒபாமா சொன்னாரு. ஒருத்தரு பெத்த புள்ளைய ஒழிக்கறேங்கறாரு, வேண்டாம்னவரு தத்தெடுத்து வளக்கறாரு. இதுல இடது எது, வலது எது, உன்ற படத்தைப் பாத்து நீயே சொல்லு.

இப்பத்த கதைக்கு வருவோம். 2024 ஜூன்ல லாஸ் வேகாஸ்ல நின்னுக்கிட்டு, ஓட்டல்ல குடுக்கற டிப்ஸுக்கு வரி இல்லைன்னாரு டிரம்ப். ஆகஸ்ட்ல அதே லாஸ் வேகாஸ்ல நின்னுக்கிட்டு அதையே சொன்னாங்க கமலா ஹாரிஸ். படத்துல ரெண்டு பேருக்கும் நடுவுல எத்தனை தூரம்! லாஸ் வேகாஸ்ல ஒரு முழம் கூட இல்லை. ஏன்னா அங்க ஓட்டல் தொழிலாளிக ஓட்டு அத்தனை. அந்தம்மா 2019ல பாறைய ஒடைச்சு எரிவாயு எடுக்கறதைத் தடை பண்ணுவேன்னாங்க. 2024ல பண்ண மாட்டேன்னாங்க. நடுவுல என்ன, பாறை மாறிருச்சா? எரிவாயு எடுக்கற பென்சில்வேனியா சனத்தோட ஓட்டு இல்லாம ஜெயிக்க முடியாதுன்னு ஆயிருச்சு.

சீனச் சாமானுக்கு டிரம்ப் போட்ட வரியப் பாத்து டெமாக்ரட்டுக பல பேரு கொதிச்சாங்க. பைடன் வந்தாரு, பெரும்பாலும் அப்படியே வெச்சுக்கிட்டாரு. 2024ல சீன மின்சாரக் காருக்கு வரிய 100 சதவீதமா ஏத்துனாரு. 2025 ஆகஸ்ட்ல டிரம்ப் அரசாங்கம் இன்டெல் கம்பெனியில சுமார் 10 சதவீதப் பங்கை எடுத்துக்கிச்சு. அரசாங்கம் கம்பெனியில பங்குதாரரு! சரிதான்னு சொன்னது சாண்டர்ஸ். இது சோசலிசத்துக்குப் போற வழின்னு சலிச்சுக்கிட்டது டிரம்ப் கட்சிச் செனட்டர் ராண்ட் பால். புள்ளி வெக்கறவன் அன்னிக்கு ராத்திரி தூங்கியிருப்பானா?

ஒண்ணு, அப்ப ரெண்டு கட்சியும் ஒண்ணுதான் அப்புச்சின்னு நீ தாவாதே. அது இதைவிடச் சோம்பேறித்தனம். 1999ல டிரம்ப் என்பிசி பேட்டியில, கருக்கலைப்பு உரிமைக்கு நான் ஆதரவுன்னு சொன்னவரு. மனசுக்குள்ள என்ன நெனைச்சாருன்னு எனக்கு எதுக்கு? முதல் தடவை அதிபரா இருந்தப்ப உச்ச நீதிமன்றத்துக்கு 3 நீதிபதிகளைப் போட்டாரு. 1973ல இருந்து இருந்த அந்த உரிமையை 2022 ஜூன்ல நீதிமன்றம் எடுத்துருச்சு. ஹிலாரி ஜெயிச்சு நீதிபதிகளைப் போட்டிருந்தா அது நடந்திருக்காது. கோடிக்கணக்கான பொண்டுக வாழ்க்கையில கை வெச்ச சங்கதி, 1999ல வெச்ச புள்ளியில தெரியுமா? வித்தியாசம் இருக்குது கண்ணு, கொள்ளை வித்தியாசம் இருக்குது. நீ தேடற எடத்துல இல்லைங்கறேன்.

நம்மாளுக கதைய விட்டுட்டேனே. மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரம். கமலாவோட தாய்வழித் தாத்தா ஊரு. 2020லயும் 2024லயும் கோயில்ல பூசை, பேனரு, அன்னதானம். அங்க ஒருத்தராவது, இந்தப் புள்ள எரிவாயு விசயத்துல இடதா வலதான்னு கேட்டிருப்பாங்களா? பேத்தி ஜெயிக்கோணும், அவ்வளவுதான். இன்னொருத்தரு விவேக் ராமசாமி. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். அவரு 2024க்கு ரிபப்ளிக்கன் கட்சிக்குள்ள நின்னு, டிரம்ப்பைவிட ரெண்டு படி மேல போயிப் பேசுனாரு. ஒரே மொழி பேசற பூர்வீகம், படத்துல ஆளுக்கொரு ஓரம். வம்சம் பாத்துப் புள்ளி வெக்கறவனுக்கும் அங்க சோலி இல்லை.

வேட்பாளருதான் அப்படி, ஓட்டுப் போடற சனமாவது கோட்டுல நிக்குதான்னு பாத்தா அதுவும் இல்லை. அயோவா மாநிலத்துல ஹோவர்டு கவுன்டின்னு ஒண்ணு. பத்தாயிரம் பேரு கூட இல்லை, பண்ணையம் பண்ற ஊரு. 2012ல ஒபாமாவை 20 சதவீதப் புள்ளிக்கு மேல வித்தியாசத்துல ஜெயிக்க வெச்சாங்க. 2016ல டிரம்ப்பையும் 20க்கு மேல வித்தியாசத்துல ஜெயிக்க வெச்சாங்க. நாலு வருசத்துல ஊரோட கெளம்பி இடது ஓரத்துல இருந்து வலது ஓரத்துக்கு நடந்தே போயிட்டாங்களா? போகல. அதே வீடு, அதே காடு, அதே கடன். மிசௌரி மாநிலம் 2024ல டிரம்ப்புக்குக் குத்திச்சு. அதே நாளு, அதே சீட்டுல, குறைஞ்சபட்சக் கூலிய மணிக்கு 15 டாலரா ஏத்தறதுக்கும் சரின்னுச்சு, கருக்கலைப்பு உரிமைக்கும் சரின்னுச்சு. படிச்சவன் இதைப் பாத்துக் குழப்பம்ங்கறான். எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. ஆளு வேற, கூலி வேற. கான்வர்ஸ்னு ஒரு பேராசிரியரு 1964லயே எழுதிட்டாரு, சாதாரண சனத்துல கொஞ்சம் பேருதான் இடது வலதுன்னு கோடு போட்டு நெனைக்கறாங்கன்னு. அப்பறமும் கோடு போடறதை ஆராவது விட்டாங்களா?

அயோவான்னதும் ஞாபகம் வருது. அங்கதான் ரொம்ப காலமா மொதல் ஓட்டு நடந்துக்கிட்டிருந்துச்சு. அதனால வேட்பாளருக பெரும்பாலும் தேர்தலுக்கு முந்துன வருசம் ஆகஸ்ட்ல அங்க டெ மாயின் ஊர்ல நடக்கற மாநிலத் திருவிழாவுக்கு வந்து நிப்பாங்க. அங்க ஒரு பசுமாடு இருக்குது, நெச உசரத்துல. வெண்ணெய்ல செஞ்சது! 1911ல இருந்து வருசாவருசம், சுமார் 270 கிலோ வெண்ணெய். அதைப் பாக்கறதுக்கு ஹார்வர்டுல படிச்ச வக்கீலும், பல கோடி வெச்சிருக்கற மொதலாளியும் வரிசையில நிப்பாங்க. பொறவு சமையக்காரன் ஏப்ரனை மாட்டிக்கிட்டு, பன்னிக்கறிய அடுப்புல திருப்பிப் போடறதைப் படம் பிடிக்கச் சொல்லுவாங்க. வீட்டுல ஒரு நாள் திருப்பியிருப்பாங்கங்கறயா? 2015ல டிரம்ப் மட்டும் ஹெலிகாப்டர்ல வந்து எறங்கி, கொழந்தைகள அதுல ஏத்திச் சுத்திக் காட்டுனாரு. 

அயோவான்னா மக்காச்சோளம். என்ற தோட்டத்துலயும் மக்காச்சோளந்தான், ஆனா எனக்காக எந்த அதிபரும் வரலை. அமெரிக்காவுலயே சாஸ்தி வெளையற மாநிலம் அது. பெரும்பகுதி எத்தனாலாக் காச்சி பெட்ரோல்ல கலக்கறாங்க. கலந்தே ஆகோணும்னு 2005ல சட்டம் போட்டது புஷ், ரிபப்ளிக்கன். சந்தையில அரசாங்கம் தலையிடக் கூடாதுங்கற கட்சி. சுற்றுச்சூழலைக் காக்கற கட்சியும் அயோவாவுக்கு வந்தா எத்தனாலுக்கு ஜே. அங்க மட்டும் எல்லாப் புள்ளியும் ஒரே எடத்துல வந்து குவிஞ்சுக்கும். எதிர்த்துப் பேசுனா என்ன ஆகும்? ஜான் மெக்கெய்ன் 2000ல எத்தனால் மானியம் வேண்டாம்னாரு, அயோவா பக்கம் போட்டியே போடல. டெட் க்ரூஸ் 2016ல அந்தக் கட்டாயத்தை எடுக்கோணும்னாரு. மாநில ஆளுநரே அவரைத் தோக்கடிங்கன்னாரு. க்ரூஸ் அங்க ஜெயிச்சுட்டாரு! எல்லாரும் அத்தனை வருசமா ஆருக்குப் பயந்தாங்களோ தெரியல.

அல் கோர் கதையச் சொல்லிட்டு எந்திரிக்கறேன். பூமி சூடாகுதுன்னு ஊர் ஊராச் சொல்லி நோபல் பரிசு வாங்குனவரு, படத்துல பச்சைப் பசேல்னு இருப்பாரே, அவருதான். 1994ல அவரு துணை அதிபரு. எத்தனாலுக்குச் சாதகமான ஒரு விதிமுறை மேல செனட்ல ஓட்டு. சரி பாதியா பிரிஞ்சு நின்னுச்சு. துணை அதிபரு வந்து ஒரு ஓட்டுப் போட்டு எத்தனாலைக் காப்பாத்துனாரு. பூமியக் காக்கறதுக்குன்னு ஊரு நெனைச்சுது. 2010 நவம்பர்ல அவரே வாயைத் தொறந்து சொல்லிட்டாரு, அந்த எத்தனால் ஆதரவு சரியான கொள்கை இல்லைன்னு. சொந்த ஊர் டென்னசி விவசாயிகளும் மனசுல இருந்தாங்களாம். அதிபருக்கு நிக்கலாம்னு இருந்ததால அயோவா விவசாயிக மேலயும் ஒரு பிரியம் வந்துருச்சாம்.

இதை எங்க நின்னு சொன்னாருங்கற? அயோவாவுல இல்ல கண்ணு. கிரீஸ் நாட்டு ஏதென்ஸ்ல.